பாட்டியின் பித்தப்பைக் கல்லும் இரண்டு சுண்டெலிகளும்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் 11-ஆம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியுடன் என் வீட்டுக்கு வந்தான். குப்பிக்குள் ஐந்து கற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் புளியங்கொட்டை அளவு. வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறம். அவனுடைய பாட்டிக்குப் பித்தப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அதிலிருந்து எடுத்த கற்களைத்தான் மருத்துவர் குப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார்.

“சார், இது அரிசியில் கிடந்த கல்லா, இல்லையா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான்.

அவன் ஏன் அவ்வளவு அவசரமாகக் கேட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும், “மருமகள் அரிசியைச் சரியாகக் கல் அரித்துப் போடவில்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று” என்று பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டியும் அதை மறுக்கவில்லை. பையனின் அம்மா இரண்டு நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

நான் பௌதிகம் கற்பிப்பவன்; மருத்துவன் அல்லன். ஆனால் ஒரு பொருள் கல்லா அல்லவா என்று சோதித்துப் பார்ப்பது பௌதிகத்துக்கு உட்பட்ட வேலைதானே!

கரண்டியில் ஒரு சோதனை

ஒரு கல்லைக் கத்தியால் சுரண்டினேன். சோப்பைச் சுரண்டுவது போல எளிதாகத் துகள் வந்தது. அந்தத் துகளை ஒரு பழைய இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினோம். சிறிது நேரத்தில் அது மெழுகு போல உருகியது. பிறகு புகைந்து கருகியது. அதே கரண்டியில் காவிரி மணல் சிறிது போட்டுச் சூடாக்கினோம். மணல் சூடானதே தவிர வேறு மாற்றம் ஒன்றும் இல்லை. அரிசியில் கிடக்கும் கல்லும் மணலைப் போன்ற கனிமப் பொருள்தான். அடுப்புச் சூட்டில் அது உருகாது.

மற்றொரு கல்லை உடைத்து உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தோம். நடுவிலிருந்து நாலாபுறமும் சக்கரத்தின் ஆரங்கள் போலப் பளபளப்பான படிகங்கள் விரிந்து நின்றன. இது வெளியிலிருந்து வந்த கல் அன்று; உள்ளேயே வளர்ந்த படிகம்.

இந்தப் படிகத்தின் பெயர் கொலஸ்டிரால். இரத்தக் குழாய் நோய் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் அதே கொலஸ்டிரால்தான். உண்மையில் அப்பொருளை மனிதன் முதன்முதலில் கண்டது இரத்தத்தில் அன்று, பித்தப்பைக் கல்லில்தான்! 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர்கள் அதைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்தனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரெல் என்ற வேதியியலறிஞர் அதற்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘கோலே’ என்றால் பித்தம். ‘ஸ்டீரியோஸ்’ என்றால் திடப்பொருள். இரண்டும் சேர்ந்ததே கொலஸ்டிரால்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் விழுங்கும் உணவு இரைப்பைக்கும் குடலுக்கும் செல்கிறது. பித்தப்பை அந்த வழியில் இல்லை. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் ஒரு குழாய் வழியாக வந்து பித்தப்பையில் தங்குகிறது; நாம் உண்டதும் பித்தப்பை சுருங்கி, அந்நீரைக் குடலுக்குள் செலுத்துகிறது. விழுங்கிய மண்ணோ கல்லோ அதற்குள் போய்ச் சேர்வதில்லை.

பையனின் முதல் கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது. உடனே அவன் இரண்டாவது கேள்வியைக் கேட்டான்: “கரையாத கொலஸ்டிரால் அங்கே எப்படிப் படிகமாகிறது?”

பித்தப்பை ஒரு கற்கண்டுப் பானை

பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி, பாத்திரத்தில் ஊற்றி, உள்ளே நூல்களைக் கட்டி, பல நாள் அசையாமல் வைத்துவிடுவார்கள். நூலைப் பற்றிக்கொண்டு படிகங்கள் வளரும். இதற்கு மூன்று காரணங்கள் சேர வேண்டும். முதலாவது, பாகில் கரையக்கூடிய அளவுக்கு மேல் சர்க்கரை இருக்க வேண்டும். இதை மிகுதெவிட்டிய கரைசல் என்பார்கள். இரண்டாவது, படிகம் தொடங்குவதற்கு நூல் போன்ற ஒரு பற்றுக்கோடு வேண்டும். மூன்றாவது, அசையாமல் இருக்க வேண்டும்.

பித்தப்பையிலும் இதே கதைதான். கொலஸ்டிரால் தண்ணீரில் கரையாது. ஆனால் பித்தநீரில் பித்த உப்புகளும் லெசித்தின் போன்ற பாஸ்போலிப்பிடுகளும் உள்ளன. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு சூழ்ந்துகொண்டு நீரில் மிதக்க விடுகிறதல்லவா? அதுபோல இவ்விரண்டும் கொலஸ்டிரால் மூலக்கூறுகளைச் சிறு சிறு கூட்டங்களாகச் சூழ்ந்து கரைசலில் வைத்திருக்கின்றன. கொலஸ்டிரால் அளவு மீறினால் பித்தநீர் மிகுதெவிட்டிய கரைசலாகிறது. பித்தப்பையின் சுவர் சுரக்கும் மியூசின் என்னும் கொழகொழப்பான பொருள் நூலின் வேலையைச் செய்கிறது. பித்தப்பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கி நின்றால் மூன்றாவது காரணமும் சேர்ந்துவிடுகிறது.

அமெரிக்காவைச் சேர்ந்த அட்மிராண்ட், ஸ்மால் என்ற இருவர் 1968-இல் இதை அழகான ஒரு முக்கோண வரைபடமாகவே போட்டுக் காட்டினர். பித்த உப்பு, லெசித்தின், கொலஸ்டிரால் மூன்றின் விகிதங்களைக் கூட்டினால் 100. எனவே எந்தப் பித்தநீரையும் முக்கோணத்துக்குள் ஒரு புள்ளியாகக் குறிக்கலாம். முக்கோணத்தின் ஒரு மூலையில் மட்டுமே கொலஸ்டிரால் முழுவதும் கரைந்திருக்கும். அந்த எல்லையைப் புள்ளி தாண்டினால் படிகம் தோன்ற வாய்ப்பு உண்டு.

எல்லாப் பித்தப்பைக் கற்களும் கொலஸ்டிரால் கற்கள் அல்ல. சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிரூபின் என்ற நிறமி சேர்ந்தும் கறுப்பு அல்லது பழுப்புக் கற்கள் உண்டாகின்றன. இடத்துக்கு இடம் நோயின் அளவும் மாறுகிறது. எஸ். எல். மல்ஹோத்ரா என்ற மருத்துவர் இந்திய ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து 1968-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பித்தப்பைக் கல் தென்னிந்தியரைவிட வடஇந்தியரிடம் ஏழு மடங்கு அதிகம் என்று அவர் கண்டார்.

“ஒரே பானைச் சோறுதானே சார்?”

இதையெல்லாம் கேட்ட பையன் மூன்றாவது கேள்வியையும் கேட்டான். “வீட்டில் எல்லோரும் ஒரே பானைச் சோறுதான் சாப்பிடுகிறோம். பாட்டிக்கு மட்டும் ஏன் வந்தது?”

இது நல்ல கேள்வி. ஆனால் மனிதர்களை வைத்து இதற்கு விடை காண்பது எளிதன்று. ஒருவருடைய மரபு வேறு, வயது வேறு, உணவு வேறு, உடற்பருமன் வேறு. எல்லாமே மாறும்போது எதனால் எது விளைந்தது என்று எப்படிச் சொல்வது? சோதனைச் சாலையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொள்வோம் அல்லவா? அதற்கு உதவுபவை சுண்டெலிகள்.

அமெரிக்காவில் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் உள்ளது. 1929-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் சுண்டெலி மரபியலுக்குப் பெயர் பெற்றது. அண்ணன் தங்கைகளையே இணைத்து 20 தலைமுறைகளுக்கு மேல் வளர்த்தால், ஓர் இனத்தின் எலிகள் எல்லாம் மரபில் ஒன்றுபோலவே ஆகிவிடும். ஓர் அச்சில் வார்த்த செங்கற்கள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு உட்கலப்பு இனங்கள் என்று பெயர்.

அவற்றுள் இரண்டு இனங்கள் நம் கதைக்கு முக்கியமானவை. ஒன்று ஈயத்தின் நிறமுடைய சி57எல். மற்றொன்று வெள்ளை நிறமான ஏகேஆர். பெவர்லி பெய்கன், ஹார்வர்டைச் சேர்ந்த மார்ட்டின் கேரி ஆகியோரின் குழுவினர் இரண்டுக்கும் ஒரே உணவைக் கொடுத்தனர். அதில் 15 சதவீதம் பால் கொழுப்பு, 1 சதவீதம் கொலஸ்டிரால், அரை சதவீதம் கோலிக் அமிலம் என்ற பித்த அமிலம் ஆகியவை இருந்தன. எட்டு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது ஈய நிற எலிகளுள் பெரும்பாலானவற்றின் பித்தப்பையில் கற்கள். வெள்ளை எலிகளுள் மிகச் சிலவற்றில் மட்டுமே கற்கள்!

கூண்டு ஒன்று, தண்ணீர் ஒன்று, உணவு ஒன்று. வேறுபட்டது மரபு மட்டுமே. ஒரே பானைச் சோறு உண்டாலும் எல்லோருக்கும் கல் வராததற்கு இது ஒரு தெளிவான சான்று.

ஜீனைத் தேடிப் பிடித்த விதம்

சரி, மரபில் எந்த இடம்? சுண்டெலிக்கு 20 இணைக் குரோமோசோம்கள். அவற்றில் ஆயிரக்கணக்கான ஜீன்கள். வைக்கோற்போரில் ஊசியைத் தேடும் வேலைதான்.

ஆய்வாளர்கள் ஈய நிற எலியையும் வெள்ளை எலியையும் கலந்தனர். பிறந்த குட்டிகளுக்கும் கல் எளிதில் வந்தது. ஆகவே கல் வரும் இயல்பு ஓங்கு பண்பு என்று தெரிந்தது. பிறகு, அவற்றின் வழித்தோன்றல்களைத் தனித்தனிக் கிளைகளாகப் பிரித்து, மீண்டும் பல தலைமுறைகளுக்கு உட்கலப்பு செய்த இனங்களைப் பயன்படுத்தினர். இரண்டு சீட்டுக் கட்டுகளைக் கலைத்துப் பங்கிட்டது போல, ஒவ்வொரு கிளையிலும் சில பகுதிகள் ஈய நிறப் பாட்டனிடமிருந்தும் சில பகுதிகள் வெள்ளைப் பாட்டனிடமிருந்தும் வந்திருக்கும். எந்தெந்தக் கிளைகளுக்குக் கல் வருகிறது, அக்கிளைகளில் எந்தப் பகுதி பொதுவாக ஈய நிற எலியிடமிருந்து வந்திருக்கிறது என்று ஒப்பிட்டனர்.

விடை 2-ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தைக் காட்டியது. 1995-இல் அந்த இடத்துக்கு ‘லித்-1’ என்று பெயரிட்டனர். கிரேக்கத்தில் ‘லித்தோஸ்’ என்றால் கல். அந்தப் பகுதியில்தான், பித்த உப்பைக் கல்லீரல் செல்லிலிருந்து பித்தநீருக்குள் தள்ளும் பம்ப் போன்ற ஒரு புரதத்தின் ஜீனும் இருக்கிறது. பின்னர் மேலும் பல ‘லித்’ இடங்கள் தெரியவந்தன. கல் என்பது ஒரே ஜீனின் வேலை அன்று என்பது உறுதியாயிற்று.

முக்கொம்பின் மதகுகள்

2003-இல் வேறு எலி இனங்களைக் கலந்து ஆராய்ந்தபோது 17-ஆம் குரோமோசோமில் ஓர் இடம் கிடைத்தது. அங்கே ஜி5, ஜி8 என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரட்டை ஜீன்கள் உள்ளன. இவை இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் பம்ப், கொலஸ்டிராலைக் கல்லீரல் செல்லிலிருந்து பித்தநீருக்குள் தள்ளுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க முக்கொம்பே போதும். காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை காவிரி, மற்றது கொள்ளிடம். இடையில் இருப்பது ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. விட்டால் நீர் முழுவதும் அதில் போய்விடும். எனவே 1830-களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார். மதகை எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு நீர் கொள்ளிடத்துக்குப் போகும். 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் சில உடைந்தபோது நீர் கட்டுக்கடங்காமல் அந்தப் பக்கம் பாய்ந்ததை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

கல்லீரலிலும் கொலஸ்டிராலுக்கு இரண்டு முக்கிய வடிகால்கள் உண்டு. ஒன்று, பித்த அமிலமாக மாறி வெளியேறுவது. மற்றொன்று, ஜி5-ஜி8 பம்ப் வழியாகக் கொலஸ்டிராலாகவே பித்தநீருக்குள் செல்வது. இந்த பம்ப்தான் கொள்ளிடத்து மதகு. டெக்ஸாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகர ஆய்வாளர்கள் 2002-இல் இதைச் சோதித்துக் காட்டினர். இந்த ஜீன்களைக் கூடுதலாகச் சேர்த்த எலிகளின் பித்தநீரில் கொலஸ்டிரால் பல மடங்கு உயர்ந்தது. ஜீன்களை அகற்றிய எலிகளில் அது மிகவும் குறைந்தது. மதகைத் திறந்தும் மூடியும் பார்த்த சோதனை இது!

எலியில் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா? 2007-இல் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, சிலி நாட்டிலும் சரிபார்த்தனர். ஜி8 ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று தெரிந்தது. லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுகலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தாரும் வடஇந்தியர்களிடம் அதே மாற்றத்தை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். அங்கும் கல்லுக்கும் அம்மாற்றத்துக்கும் தொடர்பு காணப்பட்டது.

அப்படியானால் அது கெட்ட ஜீனா? அவசரப்படாதீர்கள். கொள்ளிடத்தில் வெள்ளத்தைத் திறந்துவிடுவதால்தான் காவிரிக் கரை ஊர்கள் பிழைக்கின்றன. 2014-இல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆய்வு, இந்த பம்ப் வேகமாக இயங்கும் மரபுடையவர்களுக்குப் பித்தப்பைக் கல் அதிகமாகவும் மாரடைப்பு குறைவாகவும் இருப்பதைக் காட்டியது. இரத்தத்துக்கு நன்மை செய்யும் மதகே பித்தப்பைக்குச் சுமையாகிறது.

மைசூரின் மஞ்சளும் வெந்தயமும்

மரபை மாற்ற முடியாது. உணவை மாற்றலாம் அல்லவா? நம் நாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹுசேன், சந்திரசேகரா இருவரும் 1992-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கல் உண்டாக்கும் உணவைப் பத்து வாரம் உண்ட சுண்டெலிகளில் 100 சதவீதத்துக்கும் கல் வந்தது. அதே உணவில் மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அரை சதவீதம் சேர்த்தபோது 26 சதவீத எலிகளுக்கு மட்டுமே வந்தது. 2009-இல் அதே நிறுவனத்தின் ரெட்டியும் சீனிவாசனும் வெந்தயப் பொடியைச் சேர்த்துப் பார்த்தனர். உணவில் 5, 10, 15 சதவீதம் வெந்தயம் சேர்த்த எலிகளில் முறையே 63, 40, 10 சதவீதத்துக்குக் கல் வந்தது.

“அப்படியானால் பாட்டிக்கு வெந்தயம் கொடுத்தே குணப்படுத்தியிருக்கலாமே!” என்று பையன் துள்ளினான். “கணக்குப் போட்டுப் பார்” என்றேன். நாளொன்றுக்கு அரைக் கிலோ உலர் உணவு என்று வைத்துக்கொண்டால், அதில் 15 சதவீதம் 75 கிராம் வெந்தயம். தினமும்! அரை சதவீதம் குர்குமின் என்றால் 2.5 கிராம். நூறு கிராம் மஞ்சளில் ஏறத்தாழ 3 கிராம் குர்குமின்தான் உண்டு. எனவே நாள்தோறும் 80 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் விழுங்க வேண்டும். அளவைச் சொல்லாத செய்தி அரைச் செய்தி என்பதை மறவாதீர்கள்.

மேலும் எலி வேறு, மனிதன் வேறு. எலியின் பித்த அமிலங்கள் நம்முடையவை போன்றவை அல்ல. எலிகளில் ஆணுக்குக் கல் அதிகம். மனிதர்களில் பெண்ணுக்கு அதிகம். எலிக்குத் தந்த கொலஸ்டிரால் உணவும் யாரும் வீட்டில் உண்ணாத உணவு. எலி வழி காட்டும். ஆனால் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடாது. ஆகவே கல்லைக் கரைக்கும் கஷாயம் என்று யாரேனும் விற்றால் ஏமாற வேண்டாம். வலது மேல்வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்வதே முறை.

“எனக்கும் வருமா?”

எழுந்து போகும்போது பையன் மெல்லக் கேட்டான்: “பாட்டிக்கு வந்ததால் எனக்கும் வருமா சார்?”

ஸ்வீடனில் 43,141 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2005-இல் ஒரு முடிவு சொன்னார்கள். நோய் தரும் பித்தப்பைக் கல் வருவதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு ஏறத்தாழ 25 சதவீதம். மீதி சூழலின் பங்கு. உடற்பருமன், மிக வேகமாக உடல் மெலிதல், கர்ப்பகாலம், வயது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மரபு என்பது மதகின் அமைப்பு. ஆற்றில் எவ்வளவு நீர் வருகிறது என்பதில் நம் பழக்கங்களுக்கும் பங்கு உண்டு. எனவே அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

அவன் குப்பியையும் கரிபிடித்த கரண்டியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். மறுநாள் அவனே வந்து சொன்னான். அம்மா முன்னிலையில் பாட்டிக்கு அந்தச் சோதனையை மீண்டும் செய்து காட்டியிருக்கிறான். உருகுவதைப் பார்த்த பாட்டி சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு மருமகளை அழைத்து, “உன் அரிசியில் குற்றம் இல்லையடி. இது எங்கம்மா எனக்குக் கொடுத்த சீதனம் போலிருக்கிறது” என்றாராம்.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு குவளை கொதிநீரில் கரையும் மட்டும் சர்க்கரையைக் கரையுங்கள். ஒரே பாகை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் சொரசொரப்பான நூல் ஒன்றைத் தொங்கவிடுங்கள். இரண்டையும் மூடி ஒரு வாரம் அசைக்காமல் வையுங்கள். எதில் படிகம் முதலில் தோன்றுகிறது? நூல் இல்லாத குவளையைத் தினமும் கலக்கிக்கொண்டே இருந்தால் பெரிய படிகம் வளர்கிறதா? கண்டதை நாள்வாரியாகக் குறித்து வையுங்கள். பித்தப்பையில் எது பாகு, எது நூல் என்பதையும் எழுதிப் பாருங்கள்.